எண்பதைத் தொட்டால்

சென்னைக்குள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்ட இடம் கிடையாது. கச்சேரி ரோட்டில் இருபது, லஸ் முனையில் பத்து, மந்தைவெளியில் பேருந்து நடுத்தெருவில் நின்று ஆள் ஏற்றினால் அதுவும் இல்லை. மெட்ரோ வேலைக்குத் தகரம் அடித்து மறைத்த பிறகு மயிலாப்பூரில் வண்டி ஓட்டுவது என்றால் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது என்றே ஆகிவிட்டது. மிஞ்சிப்போனால் கடற்கரைச் சாலையில் அறுபதைத் தொடலாம். அதற்குள் கேமரா படம் பிடித்து அபராதத்தைப் போனுக்கு அனுப்பிவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஞானதாஸின் வேனுக்கு வந்த சீக்கு, எண்பதைத் தொட்டால்தான் வெளியே தெரிகிற சீக்கு.

ஞானதாஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. வீடு சாந்தோமில், கோயிலுக்குப் பின்னாலிருக்கிற சந்தில். முப்பத்தொரு வருஷமாக வேன் ஓட்டுகிறார். இப்போதிருக்கிற வண்டிக்குப் பதினாலு வயது. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சனி ஞாயிறுகளில் கல்யாணம், திருவிழா, வேளாங்கண்ணி. ஊரில் யாரைக் கேட்டாலும், "ஞானதாஸ் ஓட்டினா மடியில இருக்கிற கொழந்த முழிக்காது" என்பார்கள். இந்த ஒரு பேச்சுக்காகவே அவர் தன் வாழ்நாளில் பாதி பிரேக்கை மெதுவாக மிதித்திருக்கிறார்.

மழைக்காலம் முழுக்க வண்டி ஊருக்குள்ளேயே ஓடியது. பொங்கல் கழிந்து திண்டிவனத்துக்கு ஒரு கல்யாணம். தாம்பரம் தாண்டி ரோடு விரிந்ததும் காலை அழுத்தினார். எண்பதில் ஸ்டியரிங் விறுவிறுவென்று கைக்குள் நடுங்கியது. எண்பத்தைந்தில் முழங்கை வரை ஏறியது. பின்னால் பாட்டும் கைதட்டலுமாக இருந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தார், நடுக்கம் நின்றது. திரும்ப ஏற்றினார், திரும்ப வந்தது. போகவர எழுபதிலேயே ஓட்டினார். "இன்னா அண்ணே, தாலி கட்டறதுக்குள்ள போவோமா?" என்று யாரோ கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார்.

வண்டி என்றால் ஆடத்தான் செய்யும், பழுது பார்த்தால் போகிறது என்று மற்றவர்கள் விட்டுவிடலாம். ஞானதாஸால் விட முடியவில்லை. ஆடியது வண்டியா, தன் கையா என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். வேலையின் கடைசி சில மாதம் வருகைப் பதிவேட்டில் அவர் நடுங்கும் கையால் போட்ட கையெழுத்தைப் பார்த்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். பிறகு கரண்டி பிடிக்க முடியாமல் போனது. பிறகு பட்டன் போட முடியாமல் போனது. அப்பாவுக்கு ஆரம்பித்ததும் இதே ஐம்பத்தெட்டில்தான்.

ஸ்டியரிங்கை ஒரு நொடி விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதினாலு பேர் பின்னால் இருக்கும்போது அதைச் செய்கிற ஆள் அவர் இல்லை. தனியாகப் போய்ப் பார்த்திருக்கலாமே என்றால், பயம். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. பதிலாகக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டி, புறங்கையின் மேல் காகிதத்தை வைத்துப் பார்ப்பார். அசையாது. தம்ளரில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பித் தூக்குவார். ஒரு சொட்டு சிந்தாது. ஆனால் ஹைவேயில், எண்பதில்? அந்த இடத்தில் வந்து யார் காகிதம் வைத்துப் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை விடியற்காலை வேளாங்கண்ணி கிளம்ப வேண்டும். தவக்காலத்துக்கு, கோயிலின் ஜெபக்குழுவான அன்பியத்திலிருந்து பதினோரு பேர். ஏற்பாடெல்லாம் டெரிக் என்கிற பையன். முக்கால்வாசி ரிடயரான டீச்சர்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கை ஆடுகிற மனிதன் இத்தனை பேரை உட்காரவைத்து ஓட்டக் கூடாது. அதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கைதான் என்றால் வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, எல்லாக் கிழமையும் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலாவது தடவையாக மெக்கானிக் ஃபைசானின் ஷெட்டுக்குப் போனார். ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட ஷெட். பங்குனி வெயில் தகரத்தில் இறங்கி உள்ளே வெந்துகொண்டிருந்தது. ஃபைசான் நோன்பில் இருந்தான். உதடு காய்ந்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

"இன்னா நைனா, திருப்பி வந்துக்கினு கீற? வண்டி மேல லவ்வா, என் மேல லவ்வா?"

"பாய், இன்னொரு வாட்டி பாரேன்."

"இன்னாத்த பாக்கறது? ஜாக்கி போட்டு சக்கரத்த ஆட்டிப் பாத்தேன், பேரிங் கல்லு மாதிரி கீது. பால் ஜாயிண்ட் போன வருசம் போட்டது. டயர் கடைல பேலன்சிங் பண்ணியா?"

"பண்ணேன். மிஷின்ல பூஜ்ஜியம் காட்டிச்சு."

"அலைன்மெண்ட்?"

"அதுவும் ஆச்சு. முன் டயர பின்னாடியும் பின் டயர முன்னாடியும் மாத்திக்கூட போட்டாங்க."

"அப்புறம் இன்னா? நேத்து நானே ஓட்னேன். லைட் ஹவுஸ்லேர்ந்து நேப்பியர் பாலம் வரிக்கும். வெண்ண மாரி போவுது."

"எவ்ளோல போன?"

"அறுவது. அதுக்கு மேல போனா கோர்ட்டுல போய் நிக்கணும்."

"எண்பதுல தான் ஆடுது பாய்."

ஃபைசான் வண்டிக்கடியிலிருந்து சறுக்கி வெளியே வந்து உட்கார்ந்தான். "ஈசிஆர் வா, ஓட்டிப் பாக்கறேன்னு சொன்னேன். நீ தான் அப்புறம் அப்புறம்னு இஸ்த்துக்கினு போற. நான் தண்ணி இல்லாம கெடக்கறேன், இருந்தும் வரேன்றேன். வா, இப்பவே போலாம்."

"இல்ல, இல்ல. நோன்பு நேரத்துல உன்ன எதுக்கு..." என்று ஞானதாஸ் இழுத்தார். ஃபைசான் ஓட்டி, ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்தச் சொல்லைக் கேட்க அவர் தயாராக இல்லை.

"நைனா, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்காத. வண்டில ஒண்ணும் இல்ல. உனக்கு வயசாவுது. ரெண்டு நாளு ரெஸ்ட்டு எடு."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஞானதாஸுக்கு முகம் செத்துப்போனது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் மனைவி பியாட்ரிஸ் தவக்காலம் முழுக்க மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அன்றைக்குக் கத்தரிக்காய்க் காரக்குழம்பும் அப்பளமும். ஞானதாஸ் நாலு பிடி தின்றுவிட்டு எழுந்தார். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். மின்விசிறியை ஏற்றினார், இறக்கினார். பியாட்ரிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதெல்லாம் அவள் அவரைப் பார்ப்பது அதிகமாகியிருந்தது. அவர் திரும்பினால் வேறு எங்கோ பார்ப்பாள்.

"கொஞ்ச நேரம் உக்காருங்களேன். நடந்துகினே கீறீங்க."

"டெரிக் போன் பண்ணானா?"

"ரெண்டு வாட்டி. வெள்ளிக்கெழம மூணரைக்கு கோயில் வாசல்ல வண்டி நிக்கணுமாம். மோனிக்கா டீச்சருக்கு முன் சீட்டு வேணுமாம், வாந்தி வருமாம்."

"வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடலாமா?"

பியாட்ரிஸ் தட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "ஏன்?"

"வண்டி சரியில்ல."

"ஃபைசான் நல்லாருக்குன்னு தான சொன்னான்?"

"அவனுக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினார். முப்பது வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் கத்தியதில்லை. உள்ளறையில் மடிக்கணினியோடு இருந்த மகள் கரோல் எட்டிப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை பள்ளிக்கூட டிரிப் முடித்து வந்தவரிடம் கரோல் சாவிக்குக் கையை நீட்டினாள். சோழிங்கநல்லூரில் ஆபீஸ். வாரத்தில் இரண்டு நாள் போக வேண்டும்.

"இன்னைக்கு என்ன கொண்டு விடுங்கப்பா. நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க. ஈசிஆர்ல போய் அக்கரைல திரும்பிக்கலாம்."

"உனக்கெதுக்கு இப்போ..."

"ஓட்டக் கத்துக் குடுத்துட்டு ஓட்ட வுடமாட்டீங்களா?"

திருவான்மியூர் வரை நகர்ந்து நகர்ந்து போனார்கள். நீலாங்கரை தாண்டினார்கள். அக்கரையில் திரும்பாமல் கரோல் நேரே விட்டாள். ஞானதாஸ் கேட்கவில்லை. சுங்கச்சாவடி தாண்டியதும் ரோடு காலியாக விரிந்தது. சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வெள்ளையாகத் தெரிந்தது. எழுபது. எழுபத்தைந்து. அவர் முள்ளையே பார்த்தார். உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டார். வண்டியைக் கெடுத்துவிடம்மா, தயவுபண்ணி என் வண்டி கெட்டுப்போயிருக்கட்டும் என்று வேண்டினார். இப்படி ஒரு வேண்டுதலை அந்த மாதா இதற்குமுன் கேட்டிருப்பாளா தெரியாது.

"அய்யோ அப்பா!" என்றாள் கரோல். "இன்னாப்பா இது? ஸ்டியரிங் இப்டி ஒதறுது!"

"ஒதறுதா?"

"கைய புடுங்கிக்கினு போவுது! இதையா இவ்ளோ நாளா ஓட்டினீங்க? ஏம்பா அழுறீங்க? அப்பா!"

"அழுவல. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் ஞானதாஸ். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் குந்தியிருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. கரோலை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, நேரே ராயப்பேட்டைக்கு, சிக்னலுக்குச் சிக்னல் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

ஃபைசானின் ஷெட்டில் அன்றைக்கு அவர் குரலே வேறாக இருந்தது. "பாய்! என் பொண்ணு ஓட்டினா. ஆடுது. வண்டி தான் ஆடுது!"

"அதுக்கு இன்னா நைனா இவ்ளோ சந்தோசம்? லாட்ரி வுழுந்தவன் மாரி கீற" என்றான் ஃபைசான். ஆனால் இப்போது அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "சரி சொல்லு. ஆட்டம் கைல தெரியுதா, சீட்ல தெரியுதா?"

"கைல."

"அப்போ முன்னாடி தான். பிரேக் புடிச்சா ஜாஸ்தி ஆவுதா?"

"இல்ல. வேகம் கொறஞ்சா நின்னுடுது."

"அப்போ டிஸ்க் இல்ல. தொண்ணூத்தஞ்சு, நூறு போனா?"

"பொண்ணு போனா. கொஞ்சம் அடங்குது."

"சக்கரம் தான். ஆனா டயர மாத்தியும் ஆட்டம் அங்கயே கீது. அப்போ டயருல இல்ல, டயர் போய் உக்கார்ற எடத்துல கீது." ஃபைசான் தனக்குத்தானே பேசிக்கொண்டான். "இத மொதல்லயே யோசிச்சிருக்கணும். உன்ன கெழவன்னு சொன்னேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்."

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினான். ஒரு சாக்பீஸை எடுத்து, செங்கல் மேல் கையை ஊன்றி, சக்கரத்தின் விளிம்புக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். வலது சக்கரம் சாக்பீஸைத் தொடாமல் சுற்றியது. இடது சக்கரத்துக்குப் போனான். சுற்றிவிட்டான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் சர்க், சர்க் என்று உரசியது. விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

"பாத்தியா? சக்கரம் கோணலா உக்காந்துக்கினு கீது."

நட்டுகளைக் கழற்றினான். ஒரு நட்டு கையாலேயே கழன்று வந்தது. ஃபைசான் அதை ஞானதாஸுக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். சக்கரத்தை இறக்கிவிட்டு, அது பொருந்துகிற இரும்பு முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தான். துருவும் பிரேக் தூசியுமாகக் கறுத்துக் கிடந்த இடத்தில், ஐந்து பைசா அகலத்துக்கு ஏதோ மேடாக ஒட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டினான். ணங்கென்று தரையில் விழுந்து உருண்டது.

ஞானதாஸ் குனிந்து எடுத்தார். சட்டைத் துணியால் துடைத்தார். நசுங்கிப்போன ஒரு சுரூபம், ஜெபமாலையில் கோக்கிற சின்ன உலோகப் பதக்கம். கிரீடமும் பரந்த மேலங்கியும் தெரிந்தன. மாதா.

"இன்னா நைனா அது? ஒங்க சாமியா?"

"ஆமா."

"யாரு கொண்டாந்து இங்க வெச்சது? டயர் கடைல கழட்டி மாட்னவன் இத பார்ட்டுன்னு நெனச்சு வுட்டுட்டான் போல. இந்த கனம் போதும், சக்கரம் கோணிக்கும். நட்டு ஒண்ணொண்ணா லூஸ் ஆவும். இன்னும் ரெண்டு லாங் ட்ரிப் அடிச்சிருந்தா சக்கரம் தனியா ஓடியிருக்கும். தெரியுதா உனக்கு?"

தெரிந்தது. யார் வைத்திருப்பார்கள் என்பதும் தெரிந்தது. புதுமனை கட்டும்போது நாலு மூலையிலும் மந்திரித்த சுரூபத்தைப் புதைப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். வண்டிக்கு மூலை ஏது? சக்கரம்தான். நவம்பரில் வீட்டு வாசலில் இடது முன்சக்கரம் பஞ்சரானது. வண்டியை ஜாக்கியில் நிறுத்திவிட்டு, டயரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு மந்தைவெளிக்குப் போய்வந்தார். அந்த அரைமணி நேரம் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒருத்தி. மற்ற மூன்று சக்கரமும் பஞ்சராகாதது மாதா செய்த புண்ணியம்.

ஃபைசான் இரும்பு முகத்தை வெள்ளையாகும்வரை தேய்த்து, சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினான். கிளம்பும்போது, "சாயங்காலம் வந்து நோன்புக் கஞ்சி வாங்கிக்கினு போ. நான் சொன்னத மனசுல வெச்சுக்காத" என்றான்.

சாயங்காலப் பள்ளிக்கூட டிரிப்பையும் முடித்துவிட்டு நாலரை மணிக்கு ஞானதாஸ் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார். "பியாட்ரிஸ்! பொடவ மாத்திக்கினு வா. ஒரு ரவுண்டு போய் வரலாம்."

"எங்க?"

"வா சொல்றேன்."

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அடையாறு பாலத்தில் போன வாரம் பார்த்த சண்டை, ஃபைசானின் சந்தில் தோண்டிய பள்ளம், மோனிக்கா டீச்சரின் வாந்தி என்று வாய் ஓயவில்லை. பியாட்ரிஸுக்கு இது யார் வண்டியில் ஏறிவிட்டோம் என்று ஆகிவிட்டது. சுங்கச்சாவடி தாண்டியது. எழுபது. எண்பது. எண்பத்தைந்து. ஸ்டியரிங் அவர் கைக்குள் தூங்குகிற பிள்ளை மாதிரி கிடந்தது. தொண்ணூறு வரை போய்ப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார். கோவளத்துக்கு முன்னால் ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

பியாட்ரிஸின் முகம் வெளுத்தது. "இது... எப்படி..."

"சக்கரத்துல இருந்துச்சு. வண்டி ஆடினதே இதால தான். குழாய்க்கு வாங்கின பசைய வெச்சு ஒட்டினியா? பலே ஆளு நீ. மெக்கானிக்கே தேடிக் கண்டுபுடிக்க ரெண்டு மாசம் ஆச்சு."

"ஐயோ, எனக்கு தெரியாதுங்க. சும்மா ஒரு காவலா இருக்கட்டும்னு..." அவளுக்கு அழுகை முட்டியது. "உங்களுக்கு எதனா ஆயிருந்தா?"

"ஆவல, வுடு. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? என் கை தான் ஆடுதுன்னு நெனச்சேன். அப்பாவுக்கு வந்த மாரி. ரெண்டு மாசமா தூக்கம் இல்ல. பாத்ரூம்ல பேப்பர வெச்சுக்கினு, தண்ணிய தூக்கிக்கினு... பைத்தியக்காரன் மாரி இருந்தேன். உங்கிட்ட சொல்லவும் பயம்." அவர் மறுபடி சிரித்தார். பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. சுரூபத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டிருந்தாள். அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய சிரிப்பு மெதுவாக நின்றது.

"பியாட்ரிஸ். நவம்பர்ல வண்டி நல்லா தான ஓடிச்சு. அப்போ எதுக்கு வெச்ச?"

பெரிய பஸ் ஒன்று கடந்து போனது.

"சொல்லு. வண்டிக்கு எதுக்கு காவல் வெச்ச?"

"வண்டிக்கு வெக்கல."

"பின்ன?"

"அக்டோபர்ல, ஜெபமால மாசத்துல. பூசைல பிரசங்கம் நடக்குது. உங்க வலது கை மடில சும்மா இருந்துச்சு. கட்டவெரல் ஆடிக்கினே இருந்துச்சு. நீங்க ஃபாதரையே பாத்துக்கினு இருந்தீங்க, உங்களுக்குத் தெரியல. அப்புறம் டிவி பாக்கும்போது பாத்தேன். தூங்கறப்போ இல்ல. எதையாவது புடிச்சா நின்னுடுது. சும்மா வெச்சிருந்தா தான் வருது. சொல்லிடணும்னு தெனமும் நெனப்பேன். நீங்க பாத்ரூம்லேர்ந்து சிரிச்சுக்கினே வெளிய வருவீங்க. வாய் வராது எனக்கு."

காகிதமும் தண்ணீர்த் தம்ளரும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றுக்குக் கையை நீட்டியிருந்தார், ஒன்றைப் பிடித்திருந்தார்; கையைச் சும்மா வைத்து அவர் பார்த்ததே இல்லை. ஞானதாஸ் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். வலது கையை மடிமேல், உள்ளங்கை மேலாக வைத்தார். எஞ்சின் அணைந்திருந்தது. வண்டி அசையாமல் நின்றது. இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அவர் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தார். பியாட்ரிஸ் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சா?" என்று கேட்டார், திரும்பாமல்.

"ம்."

அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் மற்ற விரல்களோடு மெல்ல உரசிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல நெடுநேரம் பார்த்தார். பியாட்ரிஸ் தன் கையை அதன் மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். அப்புறம் அவர் இடது கையால் போனை எடுத்து டெரிக்கைக் கூப்பிட்டார்.

"அங்கிள்! சொல்லுங்க. வண்டி இன்னா ஆச்சு?"

"வண்டி சரியாயிடுச்சு டெரிக். தொண்ணூறுல போய் பாத்துட்டேன், கல்லு மாதிரி போவுது. வெள்ளிக்கெழம மூணரைக்கு கோயில் வாசல்ல நிக்கும். ஒரு ஆக்டிங் டிரைவர் மட்டும் சொல்லி வெச்சுடு. நிதானமா ஓட்றவனா பாரு."

"ஏன் அங்கிள், நீங்க வரலையா?"

"வரேம்பா" என்றார் ஞானதாஸ். "பின்னாடி சீட்ல உக்காந்து வரேன்."